விருப்பம் முதலில், பிடித்தம் பிறகு

புயலோ வெள்ளமோ வந்துபோன சில நாட்களில் அலுவலகங்களில் ஒரு பேச்சு தொடங்கிவிடும்: ஒரு நாள் ஊதியத்தை முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுப்பது. 2018இல் கஜா புயலின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தமிழ்நாடு இதைப் பார்த்தது. பல நேரங்களில் ஊழியர் சங்கங்களே முன்வந்து அரசுக்குக் கடிதம் கொடுக்கின்றன. அந்த மாதச் சம்பளப் பட்டியலில் கூடுதலாக ஒரு பிடித்தம் ஏறுகிறது. அடுத்த மாதம் பட்டியல் பழையபடி ஆகிவிடுகிறது.

மாதச் சம்பளக்காரர்களில் பெரும்பாலோருக்கு அலுவலகம் வழியாக நடக்கும் அறம் இவ்வளவுதான். பேரிடருக்குக் கொடுப்பது அவசியம். அதில் கேள்வியே இல்லை. ஆனால், செய்தியில் வராத தேவைகள் பன்னிரண்டு மாதமும் இருக்கின்றன. வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய ஏழை நோயாளி, மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் அலைந்து மீட்கப்பட்ட பெண், முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் மையம் என எல்லோருக்கும் வேண்டியது ஒரே தடவையில் வந்து குவியும் பணம் அல்ல. மாதம் தவறாமல் வரும் பணம். 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிலையம், 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட மனநல அமைப்பான பேனியன் போன்றவை நன்கொடையாளர்களின் துணையோடு வளர்ந்தவை. செவிலியரின் சம்பளமும் மருந்துக் கடை பாக்கியும் ஒன்றாம் தேதி வந்தால் கேட்கும். அதே ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள்தான் இந்தத் தேவைக்குப் பொருத்தமான துணைவர்கள்.

ஆகவே, ஊழியர்கள் மாதந்தோறும் தங்கள் சம்பளத்திலிருந்து நேரடியாக நன்கொடை தரும் ஏற்பாடு நம் பணியிடங்களில் வேரூன்ற வேண்டும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஊழியரின் சம்மதம் உண்மையான சம்மதமாக இருக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று தயங்காமல் சொல்ல முடிகிற இடத்தில்தான் ‘சரி’ என்பதற்கு மதிப்பு உண்டு.

மகமையும் பிடி அரிசியும்

வருமானம் கைக்கு வந்து செலவாகும் முன்பே ஒரு பங்கை ஒதுக்குவது நமக்குப் புதிதல்ல. விருதுநகர், சிவகாசி வட்டார நாடார் வணிகர்கள் சரக்கின் அளவுக்கு ஏற்ப ‘மகமை’ என்று ஒரு சிறு தொகையைப் பொது நிதியில் சேர்த்துவந்தார்கள். கல்விக்கூடங்களும் கோயில்களும் அந்த நிதியில் எழுந்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை அந்த மரபில் வந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. வீட்டில் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்கும் பிடி அரிசி வழக்கமும் அந்தப் பள்ளிக்குக் கைகொடுத்தது.

இந்த ஏற்பாடுகள் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. தொகை சிறியது, கொடுப்பவரின் அன்றாடத்தை அது குலைக்கவில்லை. பணம் எங்கே போகிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. தன் தெருப் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போய்வருவதைக் கொடுத்தவரே பார்த்தார். ஆனால், அவற்றுக்கு ஓர் எல்லையும் இருந்தது. நிதி ஒரு சமூகத்தின் கட்டுக்கோப்புக்குள் திரண்டது. அந்தக் கட்டுக்கோப்புக்குள் இருந்துகொண்டு மறுப்பது எளிதல்ல. இன்றைய அலுவலகம் பல சாதி, பல மதம், பல ஊர்க்காரர்கள் சேர்ந்து வேலைசெய்யும் இடம். அங்கே பழைய வழக்கத்தின் ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம். கட்டாயத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

கேரளம் தந்த பாடம்

2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்துக்குப் பிறகு, அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தர வேண்டும் என்று கேரள முதல்வர் பினராயி விஜயன் கேட்டுக்கொண்டார். மொத்தமாகத் தர இயலாதவர்கள் மாதத்துக்கு மூன்று நாள் சம்பளம் என்று பத்துத் தவணைகளில் தரலாம் என்றது அரசு. நோக்கத்தில் குறையில்லை, அந்த வெள்ளத்தின் சேதம் அப்படிப்பட்டது. ஆனால், அரசாணையில் ஒரு நிபந்தனை இருந்தது. தர விரும்பாதவர் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் எதுவும் எழுத வேண்டாம். கொடுக்காதவர் மட்டும் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டும்.

அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனைக்குத் தடை விதித்தது. அரசு மேல்முறையீடு செய்தபோது உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. ஒருவர் தன்னால் இயலவில்லை என்று எழுதிக் கொடுத்துத் தன்னையே சிறுமைப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை என்பதே உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். மகளின் திருமணக் கடனோ, பெற்றோரின் மருத்துவச் செலவோ, அதே வெள்ளத்தில் இடிந்துபோன சொந்த வீடோ காரணமாக இருக்கலாம். அந்தக் காரணத்தை மேலதிகாரியின் மேசையில் வைக்கும்படி அறம் கேட்பதில்லை.

இந்தியச் சட்டமும் இதைத்தான் சொல்லிவந்திருக்கிறது. சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறுத்த 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கான பிடித்தத்துக்குக்கூட ஊழியரின் எழுத்துபூர்வமான ஒப்புதலைக் கேட்டது. ஒப்புதல் தருபவர்தான் எழுத வேண்டும், மறுப்பவர் அல்ல என்பதே அதன் பொருள்.

சிங்கப்பூரின் வழி

இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு பல ஆண்டுகளாக நல்லபடி நடப்பதையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் இந்தியர்களின் முன்னேற்றத்துக்காக 1991இல் தொடங்கப்பட்ட சிண்டா அமைப்பின் முக்கிய வருவாய்களில் ஒன்று இந்திய ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் சந்தா. அங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கும் சம்பள ரசீதில் அந்தப் பிடித்தம் பழக்கமானது. சம்பளத்துக்கு ஏற்ப அது ஏறுகிறது: ஆயிரம் வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) வாங்குபவருக்கு 1 வெள்ளி, பதினையாயிரத்துக்கு மேல் வாங்குபவருக்கு 30 வெள்ளி. பணம் துணைப்பாட வகுப்புகளுக்கும் குடும்ப நலப் பணிகளுக்கும் போகிறது. விருப்பமில்லாதவர் படிவம் நிரப்பி விலகிக்கொள்ளலாம். தொகையை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

கேரளத்திலும் சிங்கப்பூரிலும் ‘சொல்லாவிட்டால் பிடித்தம்’ என்பதே விதி. ஆனாலும் ஒன்று நீதிமன்றம் போனது, மற்றது நிலைத்தது. வேறுபாடு அளவில் இருக்கிறது. சிங்கப்பூரில் பிடிக்கப்படுவது சம்பளத்தின் மிகச் சிறிய துணுக்கு. நோக்கம் ஆண்டுதோறும் மாறாதது, பலன் தெரிகிறது. கேரளத்தில் கேட்டது ஒரு முழு மாதச் சம்பளம். கேட்டவர் வேலை தரும் அரசே. தொகை பெரிதாகப் பெரிதாக, கேட்பவரின் அதிகாரம் கூடக் கூட, ஊழியரின் சம்மதமும் அவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும். பதவி உயர்வும் இடமாற்றமும் மேலதிகாரியின் கையில் இருக்கும் நம் அலுவலகச் சூழலில், ‘சொன்னால் மட்டுமே பிடித்தம்’ என்பதே நேர்மையான தொடக்கம்.

கேட்கும் விதம்

அப்படியானால் யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். பிரிட்டனில் சம்பளத்திலிருந்து நன்கொடை தரும் திட்டம் 1987 முதல் இருக்கிறது. வரி கணக்கிடுவதற்கு முன்பே நன்கொடை கழிக்கப்படுவதால், அடிப்படை வரி கட்டுபவருக்குப் பத்து பவுண்டு கொடுத்தாலும் கையைவிட்டுப் போவது எட்டு பவுண்டுதான். ஆரம்பத்தில் இருந்த உச்சவரம்பு 2000இல் நீக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் அங்குள்ள ஊழியர்களில் சிறு பகுதியினரே அதில் சேர்ந்திருக்கிறார்கள். சட்டமும் வரிச் சலுகையும் கதவைத் திறந்து வைத்தன; ஆனால், உள்ளே வாருங்கள் என்று அழைக்க ஆள் இல்லை.

அழைத்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே பிரிட்டன் காட்டியது. அந்நாட்டு அரசின் நடத்தையியல் ஆய்வுக் குழு 2013இல் வெளியிட்ட அறிக்கையில் சில சோதனைகள் உள்ளன. ஒரு வங்கியின் ஊழியர்களிடம் ஒரு நாள் சம்பளம் கேட்டபோது, பொதுவான மின்னஞ்சல் பெற்றவர்களில் 5% பேர் கொடுத்தார்கள். பெயர் சொல்லி எழுதிய மின்னஞ்சலைப் பெற்றவர்களில் 12% பேர் கொடுத்தார்கள். வரித் துறை ஊழியர்களிடம், ஏற்கெனவே கொடுத்துவரும் சக ஊழியர் ஏன் கொடுக்கிறார் என்று எழுதிய வாழ்த்து அட்டை போனது. அட்டை மட்டும் போனபோது சேர்ந்தவர்கள் 2.9%, எழுதியவரின் படமும் சேர்ந்து போனபோது 6.4%. மேலதிகாரியின் ஆணையைவிடப் பக்கத்து மேசைக்காரரின் சொல்லுக்குக் கனம் அதிகம்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தில், புதிதாக நன்கொடை தர முன்வந்தவர்களிடம் ‘ஆண்டுக்கு 3% உயர்த்தலாமா’ என்று கேட்டபோது 6% பேர் ஒப்புக்கொண்டார்கள். ‘ஆண்டுக்கு 3% உயரும், வேண்டாமென்றால் சொல்லுங்கள்’ என்றபோது 49% பேர் அப்படியே விட்டார்கள். மனமுவந்து சேர்ந்தவரிடம் இதைச் செய்வதில் தவறில்லை. அவர் முதலிலேயே சம்மதித்துவிட்டார். சேர்வதற்குச் சம்மதம் கேளுங்கள். சேர்ந்தபின் தொடர்வதை எளிதாக்குங்கள். சம்மதமும் பெருந்தொகையும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல.

நிறுவனங்களின் பொறுப்பு

இந்தியாவில் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2000இல் தொடங்கப்பட்ட கிவ் இந்தியா போன்ற அமைப்புகள், தொண்டு நிறுவனங்களைச் சரிபார்த்துப் பட்டியலிட்டு, சம்பளம் வழி நன்கொடையைக் கொண்டுசேர்க்கின்றன. 2009இல் தொடங்கி, இப்போது அக்டோபர் முதல் வாரத்தில் நடக்கும் தான் உத்சவம் என்ற கொடை விழாவில் நம் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் உற்சாகமாகப் பங்கேற்கின்றன. அந்த ஒரு வார உற்சாகம் ஆண்டு முழுவதும் ஓடும் மாதப் பிடித்தமாக மாற வேண்டும்.

கணக்கு எளிது. 500 பேர் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 12 லட்சம். நிறுவனமும் அதே அளவு போட்டால் 24 லட்சம். நிறுவனம் தன் பங்கைச் சேர்க்கும்போது ஊழியர்கள் அதிகம் கொடுப்பார்கள் என்பதை டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வும் ஆதரிக்கிறது. நன்கொடைக்கு இணையாக இன்னொருவர் தருவார் என்று சொன்னதும் திரட்டிய தொகை கூடியது. ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்று வாக்களித்தாலும் அதற்கு மேல் கூடவில்லை. ஆகவே, ஒன்றுக்கு ஒன்று போதும்.

ஒரு கலப்படம் மட்டும் கூடாது. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அது நிறுவனத்தின் கடமை. ஊழியரின் நன்கொடை ஊழியருடையது. அவருடைய பணத்தில் நடந்த பணிக்கு நிறுவனத்தின் பெயர்ப் பலகையை மாட்டுவது, கொடுத்தவரின் கையைத் தட்டிவிடும் செயல்.

நேர்மையான ஏற்பாட்டுக்குச் சில விதிகள் போதும். எந்த அமைப்புக்குக் கொடுப்பது என்பதை ஊழியரே தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மாதமும் நிறுத்தும் உரிமை வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. யார் கொடுக்கிறார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல் ஊதியப் பிரிவைத் தாண்டி எந்த மேலாளரின் கண்ணிலும் படக் கூடாது. துறைகளுக்கிடையே போட்டி வைக்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர்களிடமும் குறைந்த சம்பளம் வாங்குவோரிடமும் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கு நியாயமான கூலி கொடுப்பதே முதல் தர்மம். ஆண்டுக்கு ஒரு முறையேனும், பணம் என்ன செய்தது என்ற கணக்கு கொடுத்தவர் கைக்கு வர வேண்டும். தணிக்கை அறிக்கையைக் காட்டத் தயங்கும் அமைப்பைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஓர் அமைப்பின் முறைகேடு எல்லா அமைப்புகளின் மீதும் உள்ள நம்பிக்கையைத் தின்றுவிடும்.

அரசு செய்ய வேண்டியது

நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு மட்டுமே உண்டு. 2023-24 நிதியாண்டு முதல் இயல்பாக நடைமுறையில் இருப்பது புதிய வரிமுறை. அதில் நன்கொடைக்குக் கழிவு இல்லை. வரிச் சலுகைக்காகவே யாரும் தர்மம் செய்வதில்லை என்பது உண்மை. ஆனால், கொடுத்த பணத்துக்கும் வரி கட்டு என்பது, கொடுப்பவர் மீது அரசு காட்டும் பாராமுகம். புதிய வரிமுறையிலும் ஓய்வூதியத் திட்டத்துக்கு நிறுவனம் செலுத்தும் பங்குக்குக் கழிவு அனுமதிக்கப்படுகிறது. அதுபோல, சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடிக்கப்படும் நன்கொடைக்கும் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கழிவு தரலாம். பணம் வங்கி வழியாகப் போவதால் போலி ரசீதுக்கு இடம் குறைவு.

தமிழ்நாடு அரசு இந்த மாநிலத்தின் மிகப் பெரிய வேலை வழங்குநர்களில் ஒன்று. பேரிடர்க் காலத்து ஒரு நாள் சம்பளத்தோடு நிற்காமல், விரும்பும் ஊழியர் தன் ஊர் அரசுப் பள்ளிக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ மாதம் நூறு ரூபாய் கொடுக்க ஒரு வழியை அரசே திறந்துவிடலாம். சேர விரும்புபவர் மட்டும் ஒப்பமிடட்டும். மற்றவரை யாரும் கேட்க வேண்டாம். இந்த முறையில் முதலாண்டில் குறைவான பேரே சேர்வார்கள். ஆனால், சேர்ந்தவர்கள் தொடர்வார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள். ஒரு நோயாளியின் அடுத்த ஆண்டுச் சிகிச்சையை இன்றே திட்டமிட அந்த உறுதியான சிறுதொகை போதும். அச்சத்தில் வரும் பெருந்தொகையால் அது முடியாது.