முறிந்தது எலும்பு மட்டுந்தானா?

பள்ளிப்பட்டுப் பக்கத்திலே ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்தால், கூடி நிற்போர் வாயிலிருந்து வரும் முதற் சொல் எது? "புத்தூருக்குக் கொண்டு போங்கள்!" என்பதுதான். திருத்தணி அல்ல, திருவள்ளூர் அல்ல. எல்லைக்கு அப்பால், ஆந்திரத்திலே இருக்கும் புத்தூர்!

1953-ம் ஆண்டு ஆந்திரம் தனி மாநிலமானபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அப்பக்கம் போய்விட்ட மண் இது. கிளர்ச்சி நடந்தது, சிறை நிரம்பியது, படாஸ்கர் வந்தார், பரிந்துரை தந்தார். 1960-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழகம் வந்து சேர்ந்தன. எல்லை மாறியது, எலும்பு கட்டிக்கொள்ளப் போகும் இடம் மட்டும் மாறவில்லை. ஏன்?

"மூடநம்பிக்கை" என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: அவசரப்படாதீர்கள்! புத்தூர்க் கட்டு மந்திரமல்ல, தாயத்துமல்ல. தழை மருந்து, முட்டை வெண்கரு, மூங்கில் பத்தை, துணி. இவற்றோடு பரம்பரையாகப் பழகிய கை. அவ்வளவுதான். போனவர் அன்றே திரும்பலாம். கத்தி என்ற அச்சமில்லை. பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறி ஓட்டும் தோழனைக் கேட்டுப் பாருங்கள். தறி நின்றால் அடுப்பு நிற்கும். மருத்துவமனையிலே பத்து நாள் படுத்தால் அவன் கூலி போகும். துணைக்கு இருக்கும் மனைவியின் கூலியும் போகும். அவன் புத்தூருக்குப் போவது அறியாமையால் அல்ல, கணக்குப் போட்டுத்தான்!

ஆயினும் உண்மையை மறைப்பது நமக்கு வழக்கமல்ல. எலும்பைக் கூட்டுவது தழையுமல்ல, மாவுக் கட்டுமல்ல, உடம்பே கூட்டிக்கொள்கிறது. முறிந்த இடத்தில் இரத்தம் உறையும். இரண்டு மூன்று வாரங்களில் மெல்லிய இணைப்பு உண்டாகும். பெரும்பாலான முறிவுகளில் 6 முதல் 12 வாரத்துக்குள் அது கெட்டிப்படும். நேராக வைப்பதும் அசையாமல் காப்பதுமே மனிதன் செய்யும் வேலை. அதனால்தான் எளிய முறிவுகளில் கட்டு வெற்றி பெறுகிறது.

எல்லா முறிவும் எளிய முறிவா? சைக்கிளிலிருந்து விழுபவர் கையை ஊன்றித்தான் விழுகிறார். மணிக்கட்டு முறிவது அதனால்தான். மணிக்கட்டின் சிற்றெலும்பு ஒன்று முறிந்தால், வெளியே அடையாளமே தெரியாமல் போகலாம். பின்னர் கூடாமலே நின்று கையை முடக்கலாம். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால், மூட்டு உடைந்தால், தலையில் அடிபட்டால், விரல் மரத்துப்போனால், அப்போது ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் நிற்கும். தசை செத்துச் சுருங்கும். கை கொக்கியாய் வளையும். ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881-ம் ஆண்டிலேயே இதை எழுதி வைத்தார். ஆகவே எவரிடம் கட்டுவதானாலும், முதலில் எக்ஸ்ரே! கட்டிய பின் விரல் நீலம் பாய்ந்தாலோ, வலி பெருகினாலோ, உடனே கட்டைத் தளர்த்தச் செய்து மருத்துவமனைக்கு ஓடுங்கள்!

இங்கிலாந்திலே, லிவர்பூல் நகரில், ஈவன் தாமஸ் என்றொரு பரம்பரை எலும்புக் கட்டாளி இருந்தார். படித்த மருத்துவர்கள் அவரை ஏளனம் செய்தார்கள், வழக்கு மன்றத்துக்கு இழுத்தார்கள். அவர் என்ன செய்தார்? பிள்ளைகளை மருத்துவம் படிக்க வைத்தார்! அவர்களில் ஒருவரான ஹியூ ஓவன் தாமஸ் உருவாக்கிய கால்பத்தைதான், முதல் உலகப் போரிலே தொடை எலும்பு முறிந்த ஆயிரமாயிரம் வீரர்களைச் சாவிலிருந்து மீட்டது. பரம்பரைக் கைத்திறன் பள்ளிக்கூடத்தைச் சந்தித்தபோது விளைந்த பயன் அது! இங்கும் அந்தச் சந்திப்பு நடக்கட்டும் என்கிறோம். தலைமுறைக்குள் பூட்டி வைத்த திறமை, பாடமாகட்டும், சோதிக்கப்படட்டும், பொதுச் சொத்தாகட்டும். நகரத்து மூலை முடுக்கெல்லாம் "புத்தூர்க் கட்டு" என்று பலகை மாட்டிப் பிழைக்கும் போலிகளுக்கும் அதுவே முடிவு கட்டும்.

கழக ஆட்சி செய்ததைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. 2008-ம் ஆண்டு 108 ஊர்தி ஓடத் தொடங்கியது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது.

நல்லது. ஆனால் உயிருக்கு மணிக் கணக்கு; எலும்புக்கோ வாரக் கணக்கு! அந்த 12 வாரத்துக்கு உலை கொதிக்க வழி என்ன? தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் 1948-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன்கீழ் வருவோர் நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் நூற்றுக்கு 70 கிடைக்கிறது. வீட்டுத் தறியில் உழைப்பவன் எலும்பு மட்டும் இரும்பாலானதா? அவனுக்கும் நலவாரியத்தின் வழியே குணமாகும் நாட்களுக்குக் கூலி கொடு என்று கேட்கிறோம். எல்லையோர மருத்துவமனைகளிலே இரவிலும் இயங்கும் எக்ஸ்ரேயும் எலும்பு மருத்துவரும் வேண்டும் என்று கேட்கிறோம்.

கூலி இல்லாததால்தான், கட்டு காயுமுன்னே தறிக்கு ஓடுகிறான் தோழன். கூடிய எலும்பு கோணிப் போவது அங்கேதான். கட்டு அவிழ்த்த பிறகும், விரலை மடக்கி நீட்டப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்குக் காசு வேண்டும்.

மண்ணை மீட்டோம், மகிழ்ச்சி. அந்த மண்ணில் நடப்பவன் விழுந்தால் தூக்கி நிறுத்தும் கையும் இம்மண்ணிலேயே இருக்கட்டும். புத்தூருக்குப் போவது அவன் விருப்பமாக இருக்கலாம். வேறு வழியில்லாத வேதனையாக இருத்தல் ஆகாது!