நடராஜனும் பாலாஜியும்: காயத்திற்குப் பின்

பவானிக்காரர்களாகிய நமக்கு நடராஜன் பக்கத்து ஊர்ப் பிள்ளை. காவிரிப் பாலத்தைத் தாண்டிக் குமாரபாளையம், சங்ககிரி, எடப்பாடி என்று போனால் சின்னப்பம்பட்டி. தந்தை சேலைத் தறிக்கூடத்தில் தினக்கூலியாக இருந்தவர். ஜமக்காளத் தறியோசை கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வீட்டை விளக்க வேண்டியதில்லை. ஆகவே காயத்திலிருந்து மீண்ட தமிழக வேகப்பந்து வீச்சாளர்களில் பெரியவர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இங்கே தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. லட்சுமிபதி பாலாஜி என்று சொல்பவர் சென்னைப் பக்கம் சாய்ந்தவராகிவிடுவார். அந்தப் பழியை ஏற்றே இதை எழுதுகிறோம்.

நடராஜனுக்கு நேர்ந்தது அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. 2020 டிசம்பரில் கான்பராவில் தொடங்கி 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முடிந்த ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமானார். ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. மீண்டு வந்து 2022 ஐபிஎல்லில் 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகள், 2024-இல் 19. அவ்வாண்டு தில்லியில் 19 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்தார். 19-ஆவது ஓவரில் ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. பத்தே நாளில் அறிவிக்கப்பட்ட உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை. அவருக்குக் குறைந்தது வாய்ப்புதான், திறமை அன்று.

ஆனால் கேள்வி அநீதியைப் பற்றியது அல்லவே.

பாலாஜி 2004-இல் ராவல்பிண்டி டெஸ்டில் 7, 2005-இல் மொகாலியில் 9 விக்கெட்டுகள் எடுத்தவர். அந்த 2005 தொடரோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது: 8 ஆட்டங்கள், 27 விக்கெட்டுகள். முதுகுக் காயம் ஆண்டுகளை விழுங்கியது. வீசும் முறையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பழைய வேகம் திரும்பவில்லை. திரும்பி வந்தவர் வேறொரு பந்துவீச்சாளர். வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் மட்டையாளரை ஏமாற்றுபவர். 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக் அவருடையது. 2011-12 ரஞ்சியில் தமிழக அணியை இறுதிப் போட்டி வரை நடத்திச் சென்றார். 2012 உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக 22 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்.

காயத்திற்கு முன், பின் என்று இரு சராசரிகளை எடுத்து ஒப்பிடுவோர் பாலாஜியைத் தாழ்த்துவர். நாம் அப்படிப் பார்ப்பதில்லை. பாவு அறுந்தால் பிணைத்து அதே கரையை நெய்வது ஒரு திறமை. நடராஜன் செய்தது அது, அவருடைய யார்க்கர் அதே யார்க்கர்தான். பாலாஜிக்கோ தறியே உடைந்தது. மேலும் ரஞ்சியின் நீண்ட நாட்களை அந்த முதுகு மீண்டும் சுமந்தது. நடராஜன் மீண்டபின் பெரும்பாலும் நான்கு ஓவர் ஆட்டங்களோடு நின்றார். எனவே நம் வாக்கு பாலாஜிக்கே.

நடராஜன் 2023-இல் சின்னப்பம்பட்டியில் ஒரு மைதானம் திறந்தார். அங்கே வீசிப் பழகும் பையன்களில் எவனேனும் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பாலாஜியின் பழைய ஆட்டங்களை அவர்தாம் அவனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.