கைக்கூலி வேண்டாமாம், டிரையர் மட்டும் போதுமாம்!



ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சேர், கழுவிக் காயவெச்சும் தாற மெஷின்ல எது நல்லம்? குறைஞ்ச விலையில வேணும்." மூவரில் இருவர் கல்யாணத்துக்குப் பிள்ளை வைத்திருக்கும் வாப்பாமார். ஒருவர் கடலுக்குப் போகிறவர், மற்றவர் கைத்தறி நெய்கிறவர். இருவர் வீட்டிலும் வளவு நிறைய வெயில். மெஷின் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருக்கிறார்கள்.

"கைக்கூலி ஒண்டும் வேணாம், பிள்ளைக்கு லேசா இருக்க ஒரு வொஷர் டிரையர் மட்டும் வாங்கிப் போடுங்க." இதுதான் இப்போதைய பேச்சு. மேடையில் கைக்கூலிக்கு எதிராகக் கதைக்கிறோம், வீட்டுக்குள் அதற்கு வேறு பெயர் வைக்கிறோம். காசாக வாங்கினால் வெட்கம், பெட்டியில் வந்தால் அன்பளிப்பா?

எங்கள் பதில் இதுதான்: கையில் காசு குறைந்தவர் இந்த இரண்டும் சேர்ந்த மெஷினை வாங்கவே வேண்டாம். அதே காசில், அதைவிடக் குறைவாகவும், நல்ல வொஷிங் மெஷின் ஒன்றை வாங்குங்கள். காரணங்களைக் கேளுங்கள்.

1. பெட்டியில் பெரிய எழுத்தில் 8 கிலோ என்று இருக்கும். அது கழுவுவதற்கு. காயவைக்கும் அளவு 5 கிலோ என்று சின்ன எழுத்தில் இருக்கும். உடுப்பு உலர டிரம்முக்குள் புரள இடம் வேண்டும். ஆகவே நிறையப் போட்டுக் கழுவினால், ஒரு பகுதியை வெளியே எடுத்துக் கொடியில்தான் போடவேண்டும். கொடியை ஒழிக்க வாங்கிய மெஷின் நம்மைக் கொடிக்கே திருப்பி அனுப்புகிறது.

2. கரண்ட். குளிர் தண்ணீரில் கழுவ மட்டும் அரை யூனிட்டும் போகாது. ஹீட்டர் போட்டு உலர்த்தினால், விலை குறைந்த மெஷின்களில் கழுவி உலர்த்த ஒரு தடவைக்குச் சுமார் மூன்று நான்கு யூனிட் போகும், நேரமும் ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும். மூன்றரை யூனிட் என்று வைத்து, கிழமைக்கு மூன்று தடவை போட்டால் மாதம் 42 யூனிட். மாதம் 80 யூனிட் பாவிக்கும் வீடு 122க்குப் போய்விடும். நமது நாட்டில் 90, 120 என்று படி ஏற ஏற யூனிட் விலையும் கூடுகிறது, நிலையான கட்டணமும் கூடுகிறது. இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

3. தண்ணீர். இந்த மெஷின்கள் பலவற்றில் ஈரக்காற்றைக் குளிர்விக்கவும் பைப் தண்ணீர்தான் ஓடும். காயவைக்கவும் தண்ணீர் செலவாகும் என்று சொன்னால் நம்மில் பலர் நம்பமாட்டார்கள்.

4. பழுது. நாங்களும் ஒரு தடவை சூடுபட்டவர்கள்தான். சலுகை விலை என்று ஒன்றை வாங்கினோம். இரண்டாவது மாரியில் உடுப்பு உலரவில்லை. திருத்த வந்தவர் கழற்றிக் காட்டினார்: காற்று போகும் குழாய் முழுக்க உடுப்புப் பஞ்சு அடைத்துக் கிடந்தது. பிறகு போர்ட் போனது. சாமான் கொழும்பிலிருந்து வர ஆறு கிழமை. டிரையருக்குத்தான் வருத்தம், ஆனால் அந்த ஆறு கிழமையும் கழுவவும் வழியில்லை. பத்து வருட வொரண்டி என்றார்களே என்று கேட்டால், அது மோட்டருக்கு மட்டுமாம்.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. இரட்டைத் தொட்டி மெஷினில் உடுப்பைச் சுழற்றிப் பிழியும் தொட்டியையும் "டிரையர்" என்றுதான் கடையில் சொல்கிறார்கள். "எயார் டிரை" என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் சூடில்லாமல் சுழற்றுவதுதான். "ஹீட்டர் இருக்கா? எத்தனை கிலோ உலர்த்தும்?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

அப்படியானால் யாருக்கும் வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. கொழும்பில் கொடி கட்ட இடமில்லாத மாடிவீட்டில் இருப்பவர்கள், படுக்கையில் நோயாளி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் தாய்மார், இவர்களுக்கு அது தேவைதான். அவர்கள் கழுவும் அளவைப் பார்க்காமல் உலர்த்தும் அளவைப் பார்த்து வாங்கட்டும். ஊருக்குள் வந்து திருத்தும் ஆள் உண்டா, போர்டுக்கு எத்தனை வருட வொரண்டி, பஞ்சைத் துப்புரவாக்க வழி உண்டா என்று கேட்கட்டும். ஹீட் பம்ப் உள்ளது கரண்டைக் குறைவாக எடுக்கும், விலை கூட.

மற்ற நமக்கெல்லாம்? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் போட்ட சாறன் ளுஹருக்கு முன் காய்ந்துவிடுகிறது. கஷ்டம் மாரியில்தான். ஈரச் சீருடையோடு, ஈரப் பர்தாவோடு வந்து நடுங்கும் பிள்ளைகளை வகுப்பில் பார்க்கிறவர்கள் நாங்கள். அந்தக் கஷ்டத்தைச் சின்னதாக எடுக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து நன்றாகப் பிழிவது. முன்கதவு மெஷினில் நிமிடத்துக்கு 1200 சுற்று உள்ளதைப் பாருங்கள். மேல்மூடி மெஷின்கள் பலவும் 700 சுற்றளவில் நின்றுவிடும். அதற்கும் காசில்லையா, இரட்டைத் தொட்டி வாங்குங்கள். பிழியும் தொட்டி வேகமாகச் சுற்றும், வாளியால் தண்ணீர் ஊற்றியும் ஓடும், ஊர் மெக்கானிக்கே திருத்துவார். பிழிந்ததை விறாந்தைக் கூரைக்குக் கீழே இடைவெளி விட்டுப் போட்டு, ஒரு நிற்கும் ஃபேனைத் திருப்பிவிடுங்கள். இரவு முழுக்க ஓடினாலும் அரை யூனிட் அளவுதான். சுபஹுக்குச் சீருடை கைக்கு வரும்.

தவணை விஷயமும் சொல்லவேண்டும். கடைக்காரர் தன் பொருளுக்குத் தவணை விலை ஒன்றைப் பேசி விற்பது வேறு. நடுவில் பைனான்ஸ் கம்பனி ஒன்று காசைக் கட்டிவிட்டு நம்மிடம் வட்டி அறவிடுவது வேறு. கையெழுத்துப் போட முன் அந்தத் தாளை உங்கள் பள்ளி மௌலவியிடம் காட்டுங்கள். மகளின் வாழ்க்கையை ரிபாவில் ஆரம்பித்து வைத்துவிட்டு பரகத் கேட்டு துஆச் செய்வது எப்படி?

கடைசியாக ஆண்களுக்கு, எங்களையும் சேர்த்துத்தான். "பிள்ளைக்கு லேசா இருக்க" என்று மாமனாரிடம் மெஷின் கேட்கிறோம். அந்தப் பிள்ளைக்கு லேசாக்க நமது இரண்டு கைகளும் போதாதா? பிழிந்த உடுப்பைக் கொடியில் போட பத்து நிமிடம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாருக்கு ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த சுன்னத்துக்கு வொரண்டியும் தேவையில்லை, தவணையும் இல்லை.

கல்யாணம் பேசும் வீட்டார் இதைப் படித்தால், பட்டியலில் இருந்து அந்த ஒரு வரியை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். உங்களுக்கு மெஷின் தேவை என்றால் உங்கள் சம்பளத்தில் வாங்குங்கள். கடலில் இரவு முழுக்க நிற்கும் ஒரு வாப்பாவின் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் போதும் என்ற மனதைத் தருவானாக. ஆமீன்.

தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள். வஸ்ஸலாம்.