பட்டாளம் விட்டு வந்தவருக்கு எம்.ஏ. வேண்டுமா?

அவருக்கு வயது 39. பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பனியில் நின்றார். பாலைவன வெயிலில் நின்றார். 21 ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார்.

பட்டாளத்தில் இருந்தபோதே தபால் வழியில் படித்து பி.ஏ. பாஸ் செய்தவர். இப்போது அவருக்கு ஓர் ஆசை.

"மேலே படிக்கப் போகிறேன். எம்.பி.ஏ. படித்தால் பெரிய வேலை கிடைக்கும்" என்கிறார்.

"பெண் பத்தாவது படிக்கிறாள். நீங்களும் புத்தகப் பையைத் தூக்கினால் பீஸ் யார் கட்டுவது?" என்கிறார் மனைவி.

"படிக்கட்டும் அம்மா. அன்றைக்கு என்னால் அவனைப் படிக்க வைக்க முடியவில்லை" என்கிறார் வயதான தகப்பனார்.

இப்படி ஒரு வீடு உங்கள் தெருவிலும் இருக்கலாம். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று பேருக்கும் சேர்த்து முடிவு ஒன்றுதான் எடுக்க முடியும். அதை எப்படி எடுப்பது?

அறுபதாயிரம் வீடுகள்

நம் நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் முப்படைகளில் இருந்து ஓய்வு பெறுகிறார்கள். மற்ற உத்தியோகத்தில் இருப்பவர்கள் 58 வயதிலும் 60 வயதிலும் ஓய்வு பெறுவார்கள். சிப்பாயின் கதை வேறு. அவர்களில் பலர் 40 வயதை ஒட்டியே வெளியே வந்துவிடுகிறார்கள். படைக்கு இளமை வேண்டும். அதனால் இந்த ஏற்பாடு.

பிள்ளைகள் படிக்கிற காலம் அது. வீடு கட்டுகிற காலம் அது. அந்தச் சமயத்தில் சம்பளம் நின்று, பென்ஷன் வருகிறது. 15 ஆண்டு சேவை முடித்தவருக்குப் பென்ஷன் உண்டு. ஆனால் அது கடைசிச் சம்பளத்தில் பாதி. பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியிருந்தால், 15 ஆண்டு வரை கைக்கு வருவது இன்னும் குறையும்.

ஆகவே இன்னொரு வேலை வேண்டும். அந்த வேலைக்கு மேல் படிப்பு வேண்டுமா? இதுதான் கேள்வி.

கையில் இருப்பது என்ன?

புதிதாக ஒன்றை வாங்கும் முன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பத்தாவது பாஸ் செய்து, படையில் 15 ஆண்டு சேவை முடித்தவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. மத்திய அரசின் "குரூப் சி" வேலைகளுக்கு அவரைப் பட்டதாரிக்குச் சமமாக ஏற்றுக் கொள்கிறார்கள். தொழில்நுட்பப் படிப்பு கேட்கும் வேலைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. 1986 முதல் இந்த விதி இருக்கிறது.

மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் நூற்றுக்குப் பத்து முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. பொதுத்துறை வங்கிகளில் குமாஸ்தா வேலையில் 14.5 சதவீதம் ஒதுக்கீடு. வயதிலும் சலுகை உண்டு. படையில் இருந்த ஆண்டுகளை வயதில் இருந்து கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள்.

இந்த வேலைகள் எதற்கும் எம்.ஏ. தேவையில்லை! பரீட்சைதான் தேவை. எம்.ஏ.வுக்குச் செலவிடும் இரண்டு ஆண்டை அந்தப் பரீட்சைக்குச் செலவிட்டால், வேலை சீக்கிரம் கிடைக்க வழி உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. "பட்டதாரிக்குச் சமம்" என்ற சான்று வேலைக்கு மட்டுமே செல்லும். அதைக் கொண்டு போய் எம்.ஏ. வகுப்பில் இடம் கேட்க முடியாது. அதற்கு முறையான பட்டம் வேண்டும்.

படிக்கட்டு தவறக் கூடாது

இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். பத்தாவது முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்திருப்பார்கள். பிறகு பிளஸ் 2 படிக்காமலே, திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியிருப்பார்கள். அதன் மேல் எம்.ஏ.யும் படித்து விடுவார்கள்.

தமிழ்நாட்டு அரசு வேலைக்கு இது செல்லாது. பத்தாவது, பிளஸ் 2 அல்லது அதற்குச் சமமாக அரசு ஏற்ற படிப்பு, பிறகு பட்டம் என்று வரிசையாக ஏறி வந்திருக்க வேண்டும். 2009-ல் தமிழக அரசு இதை ஆணையாகவே வெளியிட்டது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டும் அதே ஆண்டில் சொல்லிவிட்டது.

நடுவில் ஒரு படி இல்லாத ஏணியில் மேல் படியைத் தங்கத்தால் செய்து என்ன பயன்? முதலில் விட்டுப் போன படியைப் போடுங்கள். பிறகு மேலே ஏறுங்கள்.

எந்த வேலைக்குக் கட்டாயம்?

அப்படியானால் மேல் படிப்பே வீண் என்று சொல்கிறோமா? இல்லை. சில கதவுகள் அந்தச் சாவிக்கு மட்டுமே திறக்கும்.

கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டுமா? முதுகலைப் பட்டம் கட்டாயம். அதில் 55 சதவீத மார்க் வேண்டும். அதோடு "நெட்" அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். உதவிப் பேராசிரியர் தகுதிக்காக "நெட்" எழுதுவதற்கு வயது வரம்பு இல்லை. நாற்பது வயதுக்காரரும் எழுதலாம்.

மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக வேண்டுமா? முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். பட்டாளத்தில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தவருக்குப் பிள்ளைகளை அடக்கி ஆளவும், பொறுமையாகச் சொல்லித் தரவும் தெரியும். அவருக்கு இது பொருத்தமான வழி.

இளம் அதிகாரிகள் விஷயம் வேறு. குறுகிய கால அதிகாரியாகச் சேர்ந்தவர்கள் 10 ஆண்டிலோ 14 ஆண்டிலோ பென்ஷன் இல்லாமல் வெளியே வருகிறார்கள். நூறு பேரை நடத்திய அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது. கம்பெனிக்காரருக்குப் புரிகிற பாஷையில் அதைச் சொல்ல ஒரு நல்ல நிர்வாகப் படிப்பு உதவும். அதற்கும் இரண்டு ஆண்டு வேண்டியதில்லை. ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் ஓய்வு பெறும் அதிகாரிகளுக்கென்றே ஆறு மாதப் படிப்பு நடக்கிறது. அரசின் மறுவாழ்வு இயக்ககம் ஏற்பாடு செய்யும் இந்தப் படிப்பில், கட்டணத்தில் 60 சதவீதத்தை அரசே தருகிறது. சிப்பாய்களுக்கும் ஹவில்தார்களுக்கும் அந்த இயக்ககம் நடத்தும் பயிற்சிகள் இலவசம்.

ஒரு பணக் கணக்கு

இப்போது பென்சிலை எடுங்கள். கணக்குப் போடுவோம். இவை உதாரண எண்கள்தான். உங்கள் எண்களை நீங்கள் போட்டுக் கொள்ளுங்கள்.

தனியார் கல்லூரியில் இரண்டு ஆண்டு எம்.பி.ஏ. கட்டணம் 6 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். படிக்காமல் வேலைக்குப் போயிருந்தால் மாதம் 25,000 ரூபாய் வந்திருக்கும். இரண்டு ஆண்டில் அது 6 லட்சம். ஆக மொத்தச் செலவு 6 லட்சம் அல்ல, 12 லட்சம்!

படித்து முடித்த பிறகு மாதம் 10,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைப்போம். 12 லட்சம் திரும்பி வர 120 மாதம் ஆகும். அதாவது பத்து ஆண்டு. நாற்பது வயதில் படிக்கப் போனவர் 42-ல் முடிப்பார். போட்ட பணம் திரும்பும்போது அவருக்கு வயது 52. அதற்குள் பெண்ணுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும்!

இதே மனிதர் வேலையில் இருந்தபடியே, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ எம்.ஏ. படித்தால்? சம்பளம் நிற்காது. செலவும் கொஞ்சம்தான். இரண்டு ஆண்டில் முடிக்க முடியாவிட்டால் கூடுதல் காலமும் தருவார்கள்.

சேரும் முன் ஒன்றைப் பாருங்கள். அந்தப் படிப்பைத் தபால் வழியில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதி தந்திருக்கிறதா? சட்டம், என்ஜினீயரிங், நர்சிங் போன்றவற்றைத் தபாலில் படிக்க முடியாது. "படிக்கலாம்" என்று எவராவது சொன்னால் பணத்தை மடியில் முடிந்து கொண்டு திரும்பி விடுங்கள்.

அமெரிக்கா காட்டிய பாடம்

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்காவுக்கும் வந்தது. போர் முடிந்து திரும்பும் லட்சக்கணக்கான வீரர்களை என்ன செய்வது?

1944-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். படிக்க விரும்பும் வீரருக்குக் கட்டணத்தை அரசே கட்டும். சாப்பாட்டுச் செலவுக்கும் பணம் தரும். பெரிய பெரிய பல்கலைக்கழகத் தலைவர்களே பயந்தார்கள். "பட்டாளத்துக்காரர் வந்தால் படிப்பின் தரம் போய்விடுமே" என்று கவலைப்பட்டார்கள்.

நடந்தது என்ன? சுமார் 22 லட்சம் வீரர்கள் கல்லூரிக்குப் போனார்கள். 1947-ல் அந்நாட்டுக் கல்லூரிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் பழைய சிப்பாய்கள்! அவர்கள் நன்றாகப் படித்தார்கள். பயந்தவர்களில் ஒருவரான ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் கோனன்ட், பிறகு அவர்களைப் பாராட்டினார்.

இன்று அங்கே 2008-ல் வந்த வேறு சட்டம் இருக்கிறது. பொதுவாக 36 மாதப் படிப்புக்கு அரசு உதவி கிடைக்கும். அமெரிக்காவில் பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. ஆண்டுக்கு ஒன்பது மாத வகுப்பு. நான்கு ஒன்பது 36! பி.ஏ.வுக்கே எல்லா மாதமும் தீர்ந்துவிடும். எம்.ஏ.வுக்குக் கைப்பணம்தான். ஆகவே அந்தப் பணக்கார நாட்டு வீரரும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்.

இதில் நமக்கு இரண்டு பாடம். துப்பாக்கி பிடித்த கைக்குப் பேனாவும் வசப்படும் என்பது ஒன்று. பிறர் பணம் கொடுத்தாலும் படிப்பை எண்ணித்தான் செலவிட வேண்டும் என்பது இன்னொன்று.

நான்கு ஆண்டு வீரர்கள்

2022-ல் அக்னிபாத் திட்டம் வந்தது. இதில் சேர்பவர்கள் நான்கு ஆண்டு பணியாற்றுவார்கள். நிரந்தரமாகத் தொடர நூற்றுக்கு 25 பேர் வரை எடுத்துக் கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.7 லட்சம் ரூபாயுடன் வெளியே வருவார்கள். பென்ஷன் இல்லை. முதல் அணியினரின் நான்கு ஆண்டு 2026-27-ல் நிறைவடைகிறது.

இவர்களுக்கு வயது இருபத்து சொச்சம்தான். பட்டம் வாங்கப் படையிலேயே வழி செய்திருக்கிறார்கள். பட்டத்துக்கு வேண்டிய மதிப்பில் பாதி, படைப் பயிற்சிக்கே கிடைக்கும். மீதியை இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும்.

39 வயதுக்காரருக்குச் சொன்ன கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. முன்னால் 35 ஆண்டு உழைப்பு இருக்கிறது. நல்ல படிப்பில் போட்ட பணம் திரும்பிவர நிறையக் காலம் இருக்கிறது. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அந்தப் பணத்தை முழுவதும் வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் போட்டுவிடாதீர்கள். பிள்ளையின் படிப்புக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

ஆசைக்குப் படிப்பவர்

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை வேண்டாம். படிப்பே வேண்டும். வீட்டு வறுமையால் பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டாளத்துக்குப் போனவர்கள். தமிழ் இலக்கியமோ சரித்திரமோ படிக்க வேண்டும் என்ற தாகம் இருபது ஆண்டாக உள்ளே இருந்திருக்கும்.

அவர்களைக் கேலி செய்யாதீர்கள். அப்பா மேஜையில் உட்கார்ந்து படிக்கிற வீட்டில் பிள்ளைகளைப் "படி, படி" என்று விரட்ட வேண்டியதில்லை. இந்த லாபம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. ஆனால் அதற்குக் கடன் வாங்க வேண்டாம். மகளின் கல்லூரிப் பணத்தைத் தொட வேண்டாம். மாலை நேரமும் தபால் வகுப்பும் போதும்.

முதலில் வேலை, பிறகு பட்டம்

நாம் சொல்வது இதுதான். "எந்தப் பட்டம் வாங்கலாம்?" என்று தொடங்காதீர்கள். "எந்த வேலைக்குப் போகப் போகிறேன்?" என்று தொடங்குங்கள். அந்த வேலையில் இருக்கும் இரண்டு பேரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். "எம்.ஏ. இல்லாமல் உங்களை எடுத்திருப்பார்களா?" என்று கேளுங்கள். "எடுத்திருக்க மாட்டார்கள்" என்றால் தயங்காமல் படியுங்கள். "எடுத்திருப்பார்கள்" என்றால் அந்தப் பணத்தை மகள் பெயரில் பாங்கில் போடுங்கள்.

மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கட்டும் முன் அங்கே ஒரு நடை போய் வாருங்கள். ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பே, படையில் இருக்கும்போதே படிக்கத் தொடங்குவது இன்னும் நல்லது.

அரசும் ஒன்று செய்ய வேண்டும். எந்தப் பட்டம் செல்லும், எது செல்லாது என்பதை வெளியே வரும் நாளில் அல்ல, உள்ளே இருக்கும் நாளிலேயே ஒவ்வொரு சிப்பாய்க்கும் அவன் தாய்மொழியில் சொல்ல வேண்டும். நாட்டுக்கு இளமையைக் கொடுத்தவன், செல்லாத காகிதத்துக்கு மிச்ச ஆண்டுகளையும் கொடுக்கக் கூடாது.

அந்த வீட்டு மனைவி கேட்டாரே, "பீஸ் யார் கட்டுவது?" என்று. அது தடை சொல்லும் பேச்சல்ல. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதற்குச் சரியான பதில் சொல்லிவிட்டால், புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுப்பவரும் அவராகத்தான் இருப்பார்!