புகை மலையில் ஐந்து சகோதரிகள்



தைப்பூசம் கழிந்து சில வாரங்களில் பால்மரங்கள் பழுத்து இலை கொட்டுமே, நினைவிருக்கிறதா? நிரை முழுவதும் சருகு. கால் வைத்தால் சரசரவென்று சத்தம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, பெற்றவர்களுக்கோ கவலை. பால் குறையும், சம்பளமும் குறையும். அதனால் இலை உதிர்வதை ஓர் அழகென்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

சென்ற அக்டோபரில் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "அம்மா, நாளைக்கு இலை பார்க்கப் போகலாம்" என்றாள். "நான் பார்க்காத இலையா?" என்று சிரித்தேன். போன பிறகுதான் வாயடைத்து நின்றேன்.

நாங்கள் போனது கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா. டென்னசி, வட கரோலினா என்ற இரு மாநிலங்களின் எல்லையில் 800 சதுர மைலுக்கு மேல் பரந்து கிடக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட முறை மக்கள் வந்து போகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 2023 முதல் வண்டி நிறுத்துவதற்கு மட்டும் காசு வாங்குகிறார்கள். காட்டு மரங்கள் விடும் ஆவியால் மலைமேல் எப்போதும் நீலப் புகை படர்ந்தாற்போல் இருக்கும். பெயருக்குக் காரணம் அதுதான்.

அங்கே இலையின் நிறம் மலை உச்சியிலிருந்து இறங்கி வருகிறது. உச்சியில் செப்டம்பர் கடைசியிலேயே மஞ்சள் பூக்கும். அடிவாரத்துக்கு வந்து சேர நவம்பர் தொடங்கிவிடும். நாங்கள் போன அன்று மேலே பல மரங்கள் மொட்டையாக நின்றன. நடுமலை குங்குமமும் மஞ்சளும் கொட்டியதுபோல் இருந்தது. அடிவாரம் இன்னும் பச்சை.

பகல் குறுகியதும் மரம் இலைக்குப் பச்சை தருவதை நிறுத்திக்கொள்கிறது. பச்சை மறைந்ததும், அதுவரை உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் தெரிகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால், சில மரங்களின் இலையில் தங்கும் சர்க்கரை சிவப்பைக் கொடுக்கிறது.

ஆனால் வாசகர்களே, இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. அந்த மலைகள் செரோக்கி மக்களின் பூமி. 1838-இல் அவர்களில் பெரும்பாலோரைப் படையை வைத்து மேற்கே விரட்டினார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். எப்படியோ தங்கிவிட்ட சிலரின் சந்ததியார் இன்றும் பூங்காவின் ஓரத்தில் வாழ்கிறார்கள். 6,643 அடி உயர உச்சிக்கு அவர்கள் வைத்திருந்த 'குவோஹி' என்ற பெயர், 2024-இல்தான் மறுபடி அரசுப் பெயரானது.

அவர்களுக்குப் பின் வெள்ளைக்காரக் குடியானவர்கள் வந்தார்கள். மரக் கம்பெனிகளும் வந்து காட்டை மொட்டையடித்தன. மிச்சத்தைக் காப்பாற்ற 1934-இல் பூங்கா அமைந்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அசையாமல் நின்றவர்கள் வாக்கர் குடும்பத்தின் ஐந்து சகோதரிகள். ஐவரும் மணமாகாதவர்கள். சொந்தமாகப் பயிர் செய்து, ஆடு வளர்த்து, கம்பளி நூற்று, துணி நெய்து வாழ்ந்தவர்கள். கடைசியில் 4,750 டாலருக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் நாங்கள் இருப்போம்! அரசாங்கமும் அதற்கு ஒப்புக்கொண்டு குத்தகை எழுதித் தந்தது. காட்டில் விறகு வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது, ஆடு மேய்க்கக் கூடாது என்று கட்டுப்பாடுகள் வந்தன. அதற்கும் அவர்கள் கலங்கவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு ஆப்பிள் பலகாரம் பொரித்து விற்றார்கள். கடைசிச் சகோதரி லூயிசா 1964-இல் அந்த மண்ணிலேயே கண்ணை மூடினார்.

பழைய பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு மைலுக்குமேல் நடந்து அந்த மரவீட்டுக்குப் போனோம். குளிருக்காகச் சுவரில் செய்தித்தாள் ஒட்டி வைத்திருந்தார்களாம். மகள் அதைச் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கள் லயத்து வீட்டுச் சுவரிலும் அம்மா தமிழ்ப் பத்திரிகைத் தாளைக் கஞ்சிப் பசையால் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் எழுத்துக்கூட்டப் பழகினேன். அந்தத் தோட்டம் கைமாறி, லயமும் கோயிலும் போய், இன்று கடைவீடுகள் நிற்கின்றன. முப்பது ஆண்டு பால் வெட்டிய அப்பாவுக்கு யாரும் எதையும் எழுதித் தரவில்லை. எழுதிக் கேட்க வேண்டுமென்று எங்களுக்கும் தெரியவில்லை.

பூங்கா வந்ததால்தான் காடு பிழைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஊருக்கு நன்மை வரும்போது, அங்கே குடியிருப்பவன் மட்டும் அதன் விலையைக் கொடுக்கலாமா?

தாய்மார்களே, இன்னும் தோட்டத்தில் இருக்கிறீர்களா? வீட்டைப் பற்றி யார் என்ன வாக்குக் கொடுத்தாலும், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்; எழுத்தில் வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வெளியேறிவிட்டீர்களா? நீங்கள் வாழ்ந்த லயம் எங்கே இருந்தது, கோயில் எங்கே இருந்தது என்று பிள்ளைகளுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள்.

இலை உதிர்ந்தால் மறுபடி துளிர்க்கும். சொல்லாமல் விட்ட கதை துளிர்ப்பதில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.