சொற்கேட்கும் நாயும் நாமும்

வளவுக்குக் காவலாக நாய் வளர்க்காத வீடு எமது கிராமங்களில் குறைவு. ஆனால் அதைப் பழக்குகிறோமா? கட்டுகிறோம், ஏசுகிறோம், தடியெடுக்கிறோம். பிறகு "சொற்கேளாத சனியன்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

நாமும் அப்படித்தான் செய்தோம். படலை திறந்திருந்த ஒரு மாலை எமது குட்டி தெருவுக்கு ஓடிவிட்டது. தொண்டை வரளக் கூப்பிட்டும் வரவில்லை. நெடுநேரத்தின் பின் வாலைக் குழைத்துக்கொண்டு தானாகவே வந்தபோது, கோபத்தில் இரண்டு அடி போட்டோம். மறுநாளிலிருந்து கூப்பிட்டால் வேலியோரம் நின்று பார்க்குமே தவிர, கிட்ட வராது. நாய் பழக்குவதில் கைதேர்ந்த அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் எமக்கு விளங்கப்படுத்தினார். "ஓடினதுக்கு அடிச்சனீங்கள் எண்டு நீங்கள் நினைக்கிறியள். வந்ததுக்கு அடி விழுந்தது எண்டு அது நினைக்குது."

நாயின் மனதில், கடைசியாகச் செய்த செயலும் உடனே கிடைத்த பலனுமே சேர்ந்து பதிகின்றன. தட்டிக்கொடுப்பதானாலும் கருவாட்டுத் துண்டானாலும் வந்த கையோடு கொடுக்க வேண்டும். கூப்பிடும் சொல்லும் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

லூக்கா 15ஆம் அதிகாரத்துத் தகப்பன், மகன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான், கணக்குக் கேட்கவில்லை. நாமோ, பல வருடங்களின் பின் கோயில் வாசலை மிதித்தவரிடம் "இவ்வளவு காலமும் எங்கே போனீர்?" என்கிறோம். கடன் தவணை தவறிய சகோதரி சங்கக் கூட்டத்துக்குத் துணிந்து வந்தால், எல்லோர் முன்னிலையிலும் பெயர் வாசிக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வராவிட்டால் "பொறுப்பில்லாதவர்" என்று அறிக்கையில் எழுதுகிறோம். வந்ததற்கு நாம் போட்ட அடி அது.

கீழ்ப்படிதலைக் குறிக்கும் இலத்தீன், கிரேக்கச் சொற்கள் இரண்டும் 'கேட்டல்' என்ற வேரிலிருந்து பிறந்தவை. நாமும் 'சொற்கேட்டல்' என்றே சொல்கிறோம். கேட்பதற்குக் கிட்ட வரவேண்டும். பயந்தவன் எப்படிக் கிட்ட வருவான்? (உவமைக்கும் எல்லை உண்டு. இறைவனைத் துண்டு காட்டிப் பழக்கும் எசமானாக எண்ணிவிடக் கூடாது.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரருக்காக 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. இன்று பல நாடுகளில் அத்தகைய பள்ளிகள் உள்ளன. கண் தெரியாதவர் "முன்னே போ" என்கிறார். வாகனம் வருவதைக் கண்ட நாய் அசையாது நிற்கிறது. கட்டளையை மீறவும் அதற்குப் பழக்கப்பட்டிருக்கிறது. அந்த மீறலில்தான் எசமானின் உயிர் தங்கியிருக்கிறது. ஆலோசனைச் சங்கத்தின் முன் "பேசாதே" என்ற உத்தரவை மறுத்த பேதுருவும் கீழ்ப்படிந்தவரே. மேசைக்குக் கீழ் நிற்கும் நாய்களையே உதாரணம் காட்டி ஆண்டவருக்கு மறுமொழி சொன்ன கானானியப் பெண்ணின் விசுவாசத்தை அவரே புகழ்ந்தார்.

பங்குச் சபைகளிலும் சங்கங்களிலும் பொறுப்பிலுள்ள எமக்கு, தலையாட்டுகிறவர்களைத்தான் பிடிக்கிறது. "இந்த இடத்தில் கிணறு வெட்டினால் உப்புத்தண்ணீர்தான் வரும்" என்று எழுந்து சொல்கிறவரைக் குழப்பக்காரர் என்கிறோம்.

எமது குட்டிக்கு இப்போது மூன்று வாரமாகத் தடியில்லாத பாடம் நடக்கிறது. கூப்பிட்டால் பாதித்தூரம் வருகிறது. அங்கே நின்று, முதலில் எமது கையைத்தான் பார்க்கிறது.