ஃபிளேர் யாரை ஏமாற்றும்?

வார் தண்டர் கணினி விளையாட்டில் 2018-இல் ஹெலிகாப்டர்கள் வந்த நாளிலிருந்தே ஆட்டக்காரர்களிடையே ஒரு சண்டை ஓயவில்லை. “அத்தனை ஃபிளேர் போட்டும் அடித்துவிட்டான், இதுவா நிஜம்?” என்கிறார் ஹெலிகாப்டர் ஓட்டுபவர். “ஸ்டிங்கர் ஏவுகணையை விட்டால் ஒரே ஃபிளேரில் திசைமாறிப் போகிறது, இதுவா நிஜம்?” என்கிறார் தரையில் இருப்பவர். வந்த ஏவுகணை எதைப் பார்த்து வந்தது என்பதை மட்டும் இருவருமே கேட்பதில்லை.

ஃபிளேர் என்பது ஹெலிகாப்டர் உதிர்க்கும் எரியும் வெப்பப் பொறி. வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைக்குத்தான் அது ஒரு பொருட்டு. துங்குஸ்கா வான்காப்பு வாகனத்தின் ஏவுகணை தரையிலிருந்து வரும் ரேடியோ கட்டளைப்படி பறக்கிறது. ஸ்டார்ஸ்ட்ரீக், ஆடாட்ஸ் ஏவுகணைகள் இரண்டும் லேசர் கற்றையைப் பற்றிக்கொண்டு வருகின்றன. சுடுபவரின் குறி விலகாதவரை எத்தனை ஃபிளேர் கொட்டினாலும் வீண். குன்றுக்குப் பின்னால் இறங்குவதே வழி. இந்தப் பாகுபாட்டை விளையாட்டு ஒழுங்காகவே காட்டுகிறது. முதல் புகாரில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே சிக்கலானது, வெப்பத்தைத் தேடும் ஏவுகணையைக் குழப்பும் அகச்சிவப்பு ஜாமர். சோவியத் எம்ஐ-24இல் இருந்த ‘லிப்பா’வும், அமெரிக்க ஹெலிகாப்டர்களின் ஏஎல்க்யூ-144உம் இந்த வகை. பழைய ஏவுகணையின் கண் முன்னால் ஒளி புகும் பட்டையும் புகாத பட்டையும் மாறி மாறி அமைந்த சிறு தட்டு ஒன்று உண்டு. ஓடும் மின்விசிறிக்குப் பின்னால் எரியும் விளக்கைப் பார்ப்பதுபோல, இலக்கின் வெப்பம் உணரியில் விட்டுவிட்டு விழும். அந்தத் துடிப்பை வைத்துத்தான் இலக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஏவுகணை கணக்கிடுகிறது. ஜாமர் தன் வெப்பத்தைச் சுழலும் மூடிகளால் மறைத்தும் திறந்தும் பொய்த் துடிப்புகளை அனுப்ப, கணக்கு பிசகுகிறது. ஆனால் இரண்டு துடிப்புகளின் வேகமும் ஓரளவாவது ஒத்துப்போக வேண்டும். இலக்கைப் படமாகவே பார்க்கும் புதிய ஏவுகணையிடம் இந்தத் தந்திரம் எடுபடாது. அதற்கு ஜாமரும் இன்னொரு சூடான புள்ளிதான்.

விளையாட்டில் ஜாமர் ஒரு பொத்தான். எந்த ஏவுகணையிடம் அது எடுபடும் என்பது கொஞ்ச நாளில் ஆட்டக்காரருக்கு மனப்பாடமாகிவிடும். நிஜ விமானிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. 1986 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத் அருகே ஸ்டிங்கர்கள் சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்தத் தொடங்கிய காலத்தில், சோவியத் விமானிகள் எந்த ஒரு கருவியையும் மட்டும் நம்பிப் பறக்கவில்லை. புகைபோக்கியின் சூட்டைக் குளிர்காற்றோடு கலந்து தணித்தார்கள், ஃபிளேரையும் ஜாமரையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள், தரையை ஒட்டிப் பறந்தார்கள், இரவைத் தேர்ந்தார்கள். அவர்களை இப்படிப் பறக்கவைத்த பயம்தான் விளையாட்டில் குறைவது என்பேன். செத்தால் மறுபடி வரலாம் என்ற இடத்தில் அதை எப்படிக் கொண்டுவருவது?

இரண்டாவது புகாருக்கு வருவோம். ஸ்டிங்கர் என்ற பெயரில் இருப்பது ஒரே ஏவுகணை அல்ல. முதல் வகை அகச்சிவப்பை மட்டும் பார்த்தது. அடுத்து வந்தது புற ஊதாவையும் சேர்த்துப் பார்த்து, ஃபிளேரை இனங்கண்டு ஒதுக்க முயன்றது. அது எவ்வளவு ஒதுக்கும் என்ற துல்லியமான எண் ராணுவ ரகசியம். விளையாட்டைத் தயாரிக்கும் கைஜின் நிறுவனம் அங்கே ஊகித்துத்தான் ஓர் எண்ணைப் போட முடியும், ஆட்டக்காரர்கள் அந்த ஊகத்தோடு மல்லுக்கட்டுவதிலும் நியாயம் உண்டு. அதற்காக, 2021-இல் சேலஞ்சர் 2 டாங்கி விவாதத்தில் ஒருவர் செய்ததுபோல, ராணுவக் கையேட்டின் பக்கங்களையே எடுத்துப் போட வேண்டியதில்லை.